செல்லமுத்துவுக்கு எதிரே ஒரு ஆள்

சேந்தமங்கலம் கேரம் போட்டியில் செல்லமுத்து இறுதி ஆட்டம் வரை ஒரு காயைக்கூடத் தொடாமல் வந்து சேர்ந்தார். நம்ப மாட்டீர்கள். போர்டுகளுக்குப் போரிக் பவுடர் தூவிக்கொண்டிருந்தவன் நான்தான்.

அவருக்கு ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் வேலை. குச்சிக்கிழங்கு மாவு புளிக்கும் தொட்டிகளுக்கு நடுவிலேயே பாதி ஆயுள் போயிருந்தது. குளிக்காத மனிதர் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஒருநாள் தவறாமல் குளிப்பார், அந்தத் தொட்டிகள் வழிந்தோடும் வாய்க்காலில். நாற்றம் அவருக்கு மட்டும் தெரியாது. மூக்கு என்றைக்கோ வேலையை விட்டு நின்றுவிட்டது.

எண்பத்து மூன்றாம் வருடக் கோடை. ரைஸ் மில் குடோன், தகரக் கூரை, உள்ளே ஊரே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஃபேன் போட்டால் பவுடர் பறக்கும் என்று அதையும் நிறுத்தியிருந்தார்கள். செல்லமுத்துவுக்கு எதிரே உட்கார்ந்த முதல் ஆள் வயிற்றுவலி என்று எழுந்து போனான். அடுத்தவனுக்குக் கடைசி பஸ் போய்விடுமாம். அப்போது காலை பத்து மணி. மூன்றாமவன் ஒன்றும் சொல்லாமலே ஓடினான். எல்லாம் செல்லமுத்துவின் வெற்றியாக எழுதப்பட்டன. அவருக்கோ சோறு இறங்கவில்லை. கோப்பை வேண்டாம், யாராவது எதிரே உட்கார்ந்து ஒரு ஆட்டம் முழுக்க ஆடினால் போதும் என்று என்னிடம் சொன்னார். கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். எதிராளி கமிட்டித் தலைவர் மருதாசலம். தோட்டம் துரவு உள்ள மானஸ்தர், எழுந்து ஓட முடியாது. அதனால் சட்டம் போட்டார்: குளித்து அக்குளைக் காட்டியவனுக்கே குடோனில் இடம், வேடிக்கை பார்ப்பவனும் சேர்த்து. செல்லமுத்து அந்த வாரம் முழுக்க ஆலைக்கு லீவு போட்டு, தலைவரின் தோட்டத்துப் பம்புசெட்டிலேயே கிடந்து, அரப்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். மூக்கு மறுபடி வேலைக்கு வந்துவிட்டது.

ஞாயிறு விடிந்ததிலிருந்து தலைவர் பம்புசெட்டருகே வெயிலில் நின்று, ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்து அனுப்பினார். ஊரையே குளிப்பாட்டிவிட்டு அவர் குளிக்கத் துண்டைக் கட்டியபோது கரண்ட் போய்ப் பம்பு நின்றது. அப்படியே குடோனுக்கு வந்தார். அவரை முகர்ந்து பார்க்கும் தைரியம் யாருக்கு இருக்கிறது?

தலைவர் எதிரே உட்கார்ந்ததும் செல்லமுத்துவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஸ்ட்ரைக்கர் மேல் வைத்த விரல் அப்படியே நின்றது. கண்ணில் நீர் கொட்டியது. இவரும் ஓடப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஏம்ப்பா, கண்ணு கலங்குது? முடியாட்டி எந்திரிச்சுப் போ" என்றார் தலைவர்.

"பவுடரு கண்ணுல பட்டுருச்சுங்க. நீங்க அடிங்க, நானு எந்திரிக்க மாட்டனுங்க."

எதிரே இருப்பவன் எழுந்து போனால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கடைசிக் காய் விழும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடிப் படுதோல்வி அடைந்தார். பிறகு வெளியே வேப்பமரத்தடிக்கு ஓடி, ஆசைதீரக் காற்றை இழுத்து விட்டுக்கொண்டு, தலைவர் இன்னொரு ஆட்டம் ஆடுவாரா என்று கேட்டு வரச்சொல்லி என்னை உள்ளே அனுப்பினார்.