முகமூடி போட்ட நேரம்

வீட்டுப் பட்டறையில் டிக் வெல்டிங் மெஷினுக்கு, கையில் பிடித்து வெல்டிங் வைக்கும் புது டார்ச்சை மாட்டினேன். முதல் வெல்டிங்கே கரியாகக் கறுத்துவிட்டது. விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று போனை எடுத்தேன். அந்நேரம் ஆடிக் காற்றில் கதவு படாரென்று அடித்தது. நான் வளர்ந்த உத்தமபாளையத்து வீட்டுக் கொட்டகைக் கதவின் அதே சத்தம்.

அங்கும் ஓர் ஆடியில்தான் அத்தா புது டார்ச் வாங்கினார். கண்ணில் மண்ணை அள்ளிப் போடும் காற்று; வீடெல்லாம் கருகிய இரும்பு நெடி. பங்குனியில் பழைய டார்ச்சுக்கே பளபளத்த ஸ்டீல் அண்டா, புது டார்ச்சுக்குக் கறுத்தது. "டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்" என்று தேனிக்கே போய், கடைக்காரர் டேனியலை, கூடப் படித்த சிநேகிதரை, நாலு பேர் முன்னால் திட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் டேனியல் வீட்டுக்கே வந்தார். தூசி தாங்காமல் கொட்டகைக் கதவைச் சாத்தினார். "இப்ப வச்சுப் பாருப்பா" என்றார். அத்தா முகமூடியை மாட்டிக்கொண்டு வைத்தார். வெல்டிங் வெள்ளியாய் மின்னியது. டேனியல் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"கறுக்காம இருக்க டார்ச்சுல வர்ற கேஸைக் காத்து அடிச்சுட்டுப் போயிருக்கு. கதவைச் சாத்துனதும் சரியாயிருச்சு. அவுகளைப் போய்ப் பேசிட்டீகளே" என்றாள் அம்மா.

அத்தா என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஏலே, நான் முகமூடி போட்ட நேரம் பாத்து டார்ச்சை மாத்திட்டான்."

அதன்பின் அந்தக் கடைப் பக்கம் அவர் போகவேயில்லை.

போனை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அடுத்த வெல்டிங் மின்னியது. காற்றுதான், சந்தேகமில்லை. இருந்தாலும் டார்ச் கைப்பிடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்தேன்.