தட்டு இல்லாத விருந்து

என் வாய் சும்மா இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மீன் குழம்பு வைத்துத் தின்றுவிட்டுத் தூங்கியிருப்போம். எனக்கு அது முடியாது. யாராவது எதையாவது ஆசையாகச் சொன்னால் போதும், "அதுக்கென்ன, நம்ம வீட்டுலயே பண்ணிருவோம்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். சொன்ன பிறகுதான் அது என்னவென்றே யோசிப்பேன்.

விக்ரோலியில் என் ஆபீசுக்கு அப்போது புதிதாக ஒரு மேடம் வந்திருந்தார். அமெரிக்காவில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்தவர், எனக்கு மேலதிகாரி. ஒருநாள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் அங்கே சாப்பிட்ட கிராஃபிஷ் விருந்தைப் பற்றிச் சொன்னார். குளத்திலும் வயல் தண்ணீரிலும் வளருமாம் அது, சின்னச் சிங்கி இறால் மாதிரி இருக்குமாம். பெரிய பாத்திரத்தில் சோளம், உருளைக்கிழங்கு எல்லாம் சேர்த்துக் காரமாக அவித்து, நியூஸ்பேப்பரை விரித்து, மொத்தத்தையும் அதன்மேல் கவிழ்த்துவிடுவார்களாம். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கையாலேயே சாப்பிடுவார்களாம். "அந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை இனி எனக்கு எங்கே கிடைக்கப்போகிறது" என்று இந்தியில் சொல்லிப் பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான். வருகிற ஞாயிறு செம்பூரில் என் வீட்டில் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து மேசையில் இருக்கும் மராத்திப் பெண், டோம்பிவிலியிலிருந்து வருகிறவள், "நானும் வருவேன்" என்றாள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். அன்று சாயங்காலமே அக்காவுக்கும் போன் போட்டேன்.

அக்கா தாராவியில் இருக்கிறாள், நாங்கள் பிறந்து வளர்ந்த அதே சந்தில். நான் செம்பூரில் ஃப்ளாட் வாங்கி வந்த பிறகு அவள் என் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை. வருவாள். வரும்போது பை நிறைய முருங்கைக்காய், வத்தல் என்று எதையாவது கொண்டு வருவாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்து டீ குடிப்பாள். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது எழுந்துவிடுவாள். "வீட்டுல ஆக்கி வச்சிட்டு வந்துட்டேம்ட்டி" என்பாள். "என் வீட்டுச் சோத்துல வெசமா வச்சிருக்கேன்?" என்று நான் சண்டைக்குப் போவேன். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவாள்.

எனக்கு அது எவ்வளவு வலித்தது என்று அவளுக்குத் தெரியாது. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டு வேலைக்குப் போனவள் அவள். அந்தக் காசில்தான் நான் காலேஜ் வரை போனேன். இந்த ஃப்ளாட்டின் ஒவ்வொரு செங்கல்லும் யாருடையது என்று கேட்டால் அக்காவுடையது என்றுதான் சொல்வேன். இந்த வீட்டில் அவள் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டு நான் ஒருதரம் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவளுக்கு நண்டு என்றால் உயிர் என்பதால் இதுதான் சமயம் என்று பட்டது.

"அக்கா, ஞாயித்துக்கெழம நண்டு பண்ணுதேன். நீ வந்து சாப்பிடணும். டீ குடிச்சிட்டு ஓடுன, அப்புறம் நான் உங்கூடப் பேச மாட்டேன்."

"சரிட்டி. வாரேன். சாப்பிடுதேன்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே, "உங்க சந்துல கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுவாங்கல்ல, ஒரு அண்டா மட்டும் எடுத்துட்டு வந்துருக்கா" என்றும் சொன்னேன். விருந்துக்குக் கூப்பிட்ட கையோடு அண்டாவையும் தூக்கிவரச் சொல்கிற புண்ணியவதி நான்.

கிராஃபிஷுக்கு பம்பாயில் எங்கே போவது? மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் கேட்டதற்கு, "குளத்துல வளர்றதா? அது எதுக்கு உனக்கு?" என்று மூஞ்சியைச் சுளித்துவிட்டு நண்டையும் பெரிய இறாலையும் தள்ளிவிட்டாள். நண்டு உயிரோடு இருந்தது. அதைக் கழுவுவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அவளுக்கு அதைப் போட்டோ எடுக்க மட்டுமே தைரியம். பக்கெட்டில் விட்டுவிட்டு இருவரும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றோம்.

அக்கா அண்டாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அரக்குக் கரை போட்ட நல்ல பட்டுச் சேலை. தலையில் பூ. என் வீட்டுக்கு அவள் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "அக்கா, நல்ல வேளை வந்த. நண்டு கழுவத் தெரியாம முழிச்சிட்டு நிக்கோம்."

"இம்புட்டுத்தான?" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள். நண்டைக் கழுவினாள், பூண்டு உரித்தாள், அண்டாவை ஏற்றினாள். மேடம் அமெரிக்காவிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த மசாலாப் பொட்டலத்தை முதல்நாளே என்னிடம் கொடுத்திருந்தார். அக்கா அதை மோந்து பார்த்து, "இதுல காரத்தக் காணோமே" என்று மேலே மிளகாய்த்தூளைக் கொட்டினாள். காலிங் பெல் அடித்தபோது பட்டுச் சேலைமேல் ஒரு ஈரத் துண்டோடு அடுப்பருகே அவள்தான் நின்றாள். நான் தலை வாரிக்கொண்டு ஹாலில் நின்றேன்.

"என் அக்கா" என்றுதான் மேடத்துக்கும் மராத்திப் பெண்ணுக்கும் சொன்னேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மேடம் கை கூப்பினார். அக்கா ஈரக் கையோடு கும்பிட்டாள்.

எங்கள் சாப்பாட்டு மேசையில் நாலு பேர்தான் உட்காரலாம். அதனால் மகள் ஹால் தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன்மேல் இங்கிலீஷ் பேப்பர்களைக் கனமாக அடுக்கியிருந்தாள். நானும் அவளும் அண்டாவைத் தூக்கிவந்து, தண்ணீரை வடித்துவிட்டு, மொத்தத்தையும் அதன்மேல் கவிழ்த்தோம். சிவந்த நண்டும் இறாலும் சோளமும் ஆவி பறக்கக் குவிந்து கிடந்தன. மேடம் குழந்தை மாதிரி கை தட்டினார். மராத்திப் பெண் போனை உயர்த்தி வீடியோ எடுத்தாள். எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம்.

அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். "இதென்னட்டி, பேப்பர்லயா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் சிரித்தேன். "சோறு?" என்று கேட்டாள். "இதுக்குச் சோறு கிடையாதுக்கா" என்றேன்.

அவள் சமையலறைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. மேடம் அதைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் ஆட்டி, "நஹீ நஹீ, பிளேட் கூடாது, பிளேட் எடுத்தால் ஆட்டத்திலிருந்து அவுட்" என்று சிரித்தார். மராத்திப் பெண்ணும் சிரித்தாள். நான் எழுந்தேன்.

"அக்கா, தட்டெல்லாம் வேண்டாம். அப்படியே எடுத்துச் சாப்பிடணும், அதான் இதுல அழகே" என்று சொல்லிக்கொண்டே தட்டைப் பிடித்தேன். அவள் விடவில்லை. ஒரு நொடி, தட்டின் ஒரு பக்கம் அவள் கையிலும் மறுபக்கம் என் கையிலும் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

மாட்டுங்காவில் அவள் வேலை செய்த ஒரு வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்விடுவேன், பின்பக்க பால்கனியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். வேலை முடிந்ததும் அந்த வீட்டம்மா முந்தின நாள் பேப்பரை எடுத்து வந்து பால்கனித் தரையில் விரிப்பார். அதன்மேல் சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றுவார். எங்களுக்கு அந்த வீட்டில் தட்டு கிடையாது. குழம்பு ஊறிப் பேப்பர் கிழிவதற்குள் வேகமாகச் சாப்பிட வேண்டும். அடிச்சோற்றில் மை ஒட்டிக் கறுப்பாக வரும். ஒருநாள் நான், "எங்களுக்கும் தட்டு தாங்க" என்று கேட்டுவிட்டேன். அக்கா தொடையில் கிள்ளினாள். வீட்டம்மா காதில் விழாதது மாதிரி உள்ளே போய்விட்டார். சாப்பிட்டு முடித்ததும் அக்கா பேப்பரை நாலு மூலையும் மடித்து எடுத்துக்கொண்டு, நாங்கள் உட்கார்ந்த இடத்தைத் தண்ணீர் விட்டுத் துடைப்பாள். துடைத்த பிறகுதான் கிளம்பலாம். அந்த வீட்டில் அவள் வருடக்கணக்காக வேலை செய்தாள்.

இத்தனையும் அந்த ஒரு நொடியில் வந்தது. மறந்துபோய்ச் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரிந்தது. தெரிந்த பிறகும், "சரிக்கா, நீ தட்டுலயே சாப்பிடு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதற்கெடுத்தாலும் முந்திக்கொள்கிற வாய். பின்னால் மேடம் சிரித்துக்கொண்டு பார்க்கிறார், வீடியோ ஓடுகிறது, அவர் ஏன் என்று கேட்டால் நான் என்ன சொல்வது என்றுதான் ஓடியது புத்தி. நான் தட்டை இழுத்தேன். அக்கா விட்டுவிட்டாள். அதைக் கொண்டுபோய்ச் சமையலறை மேடையில் வைத்தேன். சூடு பட்டதுபோல உள்ளங்கை காந்தியது. சீ, என்ன ஜென்மம் நான்.

திரும்பி வந்தபோது அவள் உட்கார்ந்திருந்தாள். விரிப்பின் ஆகக் கடைசி மூலையில், கால்களை ஒருபக்கமாக மடக்கி. எல்லோரும் நடுவில் கையை விட்டு அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரே ஒரு நண்டைத் தன் பக்கமாக இழுத்து வைத்து, குனிந்த தலை நிமிராமல் தின்றாள். மேடம் நண்டுக் காலை உடைக்கத் தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்து, வாங்கிக் கடித்து உடைத்துக் கொடுக்கப் போனவள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் அமுக்கணும்" என்று சைகையில் காட்டினாள். "உன் அக்கா கில்லாடி" என்றார் மேடம். ஏப்பம் விட்டுக்கொண்டே அமெரிக்காவில்கூட இவ்வளவு ருசி இல்லை என்றார். நான் இளித்தேன். என்ன தின்றேன் என்று எனக்குத் தெரியாது.

கணக்குப் பார்த்தால் நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அக்கா என் வீட்டில் சாப்பிட்டுவிட்டாள்.

அவள்தான் முதலில் எழுந்தாள். தன் மூலையில் கிடந்த ஓடுகளைக் கூட்டி, பேப்பரின் அந்தத் துண்டை மட்டும் கிழித்து, நாலு மூலையும் உள்ளே மடித்து எடுத்துக்கொண்டு போனாள். ஒரு சொட்டுக் கீழே விழவில்லை. ஈரத்துணியோடு வந்து தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"பெரியம்மா, சோடோ நா, விடுங்க, நான் பண்றேன்" என்று மகள் துணியைப் பிடுங்கப் போனாள்.

"இருக்கட்டும்ட்டி. பழக்கந்தான்" என்றாள் அக்கா. என்னைப் பார்க்கவில்லை.

நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எல்லோருக்கும் ஐஸ்கிரீம் கொடுத்தேன்.

விருந்தாளிகள் போவதற்குள் அக்கா அண்டாவைத் தேய்த்து வைத்திருந்தாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு அவளோடு கீழே இறங்கினேன். ஆட்டோ பிடித்து, அண்டாவை ஏற்றி, அவளும் உட்கார்ந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட வேண்டும், காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாட்டுங்கா வீடெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காட்டி?"

கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். சாப்பிடும்போது நிமிராத முகம் இப்போது என்னையே பார்த்தது. பயந்துபோய்ப் பார்த்தது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதில் அவளுக்கு ஏதோ பெரிதாக இருக்கிறது என்று புரிந்தது.

"எந்த வீடுக்கா?" என்றேன்.

"அதான, நீ அப்ப சின்னப் பிள்ள" என்றாள். அவள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. கையை நீட்டி என் கன்னத்தில் தட்டினாள். "நான் ஒரு கிறுக்கி, என்னத்தயோ நெனச்சிட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம சோறு ஆக்கி வையி. வந்து சாப்பிடுதேன்."