தலைவர் சொல்லாமல் விட்டது

எங்கள் சங்கத்தைப் பற்றி யாரிடம் சொன்னாலும் முதலில் "ரத்த தானமா?" என்று கேட்பார்கள். இல்லை, ரத்தக்கட்டு என்பேன். "ஓ, அடிபட்டா வீங்குமே, அதுவா?" என்பார்கள். அதுவும் இல்லை, காலுக்குள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகி, அது கிளம்பிப் போய் நுரையீரலை அடைத்துக்கொள்வது என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் எதிரில் இருப்பவர் கைப்பேசியைத் தடவத் தொடங்கியிருப்பார். சாவைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்? எனக்கும் பிடிக்காது. ஆனால் எனக்கு அது வந்துவிட்டது. வந்த பிறகு வேறு எதைப் பற்றியும் பேச்சு ஓடவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மூச்சு வாங்கியது. வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்தேன். மறுநாளும் அதையே குடித்தேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி என் உதட்டு நிறத்தைப் பார்த்துப் பதறி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்காவிட்டால், ஓமத்தண்ணீர் குடித்தே செத்தவள் என்று பேர் வாங்கியிருப்பேன்.

அதன்பின் ரத்தத்தை இளக்கும் மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி மருத்துவமனைக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதிகம் இளகினால் ரத்தம் நிற்காது, போதாவிட்டால் மறுபடி உறையும். நம்பர் எடுத்துவிட்டுக் காத்திருக்கும் அந்த பெஞ்சில்தான் எங்கள் சங்கம் பிறந்தது. என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் பண்டமாரான்காரர், துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டியவர். வடக்கே போய்த் திரும்பும்போது எங்கும் இறங்காமல் ஓட்டி ஓட்டிக் காலில் கட்டி பிடித்து, அது நெஞ்சுக்கு ஏறி, ஐசியூ வரை போய் வந்தவர். அவர்தான் தலைவர். வலப்பக்கம் செராஸில் கணக்காளராக இருக்கும் பெண். அவளுடைய தங்கை, பிள்ளை பெற்றுப் பத்தியத்தில் படுத்திருந்தவள், ரத்தக்கட்டில் போய்விட்டாள். அதற்குப் பிறகு பார்த்ததில் இவளுக்கும் உறைகிற ரத்தம்தான் என்று தெரிந்தது. அவள் பொருளாளர். எழுதப் படிக்கப் பொறுமை இருக்கிறது என்று என்னைச் செயலாளராக்கினார்கள். நாங்கள் இரண்டு பெண்களும் பயந்தாங்கொள்ளிகள். தலைவருக்கு மட்டும் பயம் கிடையாது என்று நினைத்திருந்தோம்.

மேடையில் அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, கறுத்துத் தடித்த காலை எடுத்து நாற்காலிமேல் வைப்பார். "கால் வீங்குனா எண்ணெய் போட்டு உருவாதீங்க. நேரா ஓஸ்பிட்டல் போங்க" என்பார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. நிறுத்துனவன் கதைய அவன் பொண்டாட்டிதான் வந்து சொல்லணும்" என்று முடிப்பார். மண்டபம் கப்சிப் ஆகிவிடும். பின்னால் நின்று தண்ணீர் போத்தல் கொடுத்துக்கொண்டிருக்கும் என் உதடும் அவரோடு சேர்ந்து அந்த வரியைச் சொல்லும்.

போன வருஷம் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மாதா கோயிலிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தலைவரின் மனைவி போன் செய்தார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

"நீங்க கொஞ்சம் அவர்கிட்டப் பேசுங்கம்மா. பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கப் போறாராம். விரதம் ஆரம்பிச்சிட்டாரு."

"மாத்திரை சாப்பிடறாரா அண்ணி?"

"தெரியலம்மா. டப்பாவ எங்கயோ தூக்கி வச்சிட்டாரு. கேட்டா டிவி சத்தத்தக் கூட்டி வைக்கிறாரு."

மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே அலகு குத்தினால் கன்னத்தில் ரத்தம் நிற்காது. அதற்காக மாத்திரையை நிறுத்தினால் பழைய கட்டி திரும்பி வரும், இந்தத் தடவை ஐசியூவில் பெட் கேட்கிற அளவுக்கு நேரம் கொடுக்குமோ என்னவோ. இதில் இன்னொன்றும் இருந்தது. அலகு போடுகிற இடத்தில், பக்தி சுத்தமாக இருந்தால் ரத்தம் வராது என்பார்கள். லோரி ஓட்டி வாழ்ந்த மனுஷன், ஊர் முன்னால் வாயில் ரத்தம் வழிய நிற்கச் சம்மதிப்பாரா? மாத்திரையைத்தான் நிறுத்துவார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

செராஸுக்குப் போன் போட்டேன். பொருளாளர் கேட்டுவிட்டு நீளமாக மூச்சு விட்டாள்.

"சாமி விஷயம்க்கா. நான் வேணாம்னு சொல்லி நாளைக்கு ஏதாச்சும் ஆனா, என்னாலன்னு ஆயிடும். நீங்க பேசுங்க லா."

"நான் வேதக்காரி. நான் பேசினா, சாமிக்கு எதிரா பேசறான்னு ஆயிடும்."

"அப்ப யாரு பேசறது?"

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தோம். எனக்கு வேண்டுதல் புரியாதது இல்லை. சின்ன வயதில் ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்குக் காய்ச்சல் வந்து பிழைத்தபோது, மாதாவுக்கு நேர்ந்து என் தலையை மொட்டையடித்தார்கள். முடி வளர்ந்துவிடும். அதுதான் வித்தியாசம். ஒவ்வொரு நாள் காலையிலும் போனை எடுக்கும்போது அண்ணியின் பேர் தெரிந்துவிடக் கூடாதே என்று கும்பிட்டுக்கொண்டுதான் எடுத்தேன்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை ஜெஞ்சாரோமில் எங்களுக்கு ஒரு கூட்டம் இருந்தது. பொது மண்டபத்தில் கூட்டம் நன்றாகவே சேர்ந்திருந்தது, பாதிப் பேர் கடைசியில் சாப்பிடத் தரும் மீகூனுக்காக வந்திருந்தாலும். தலைவர் வழக்கம்போலக் காலைத் தூக்கி வைத்துக் காட்டினார். உருவாதீங்க என்றார். நெஞ்சு வலித்தால் வாயு என்று ஓமத்தண்ணி குடிக்காதீங்க என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், சனங்கள் சிரித்தார்கள். பிறகு அந்தக் கடைசி வரிக்கு வந்தார். குரல் தாழ்ந்தது. என் உதடு ஆரம்பித்துவிட்டது. "மாத்திரைய நீங்களா..."

அவர் வாய் திறந்து மூடியது. "சரி, அவ்வளவுதான். நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

சனங்கள் கைதட்டினார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று நடந்துகொள்ளவும் அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. நிறுத்திவிட்டார், நிறுத்தினதனால் அந்த வரியை அவரால் சொல்ல முடியவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பொருளாளர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்திருந்தது.

திரும்பும்போது அவர் காரில்தான் வந்தோம். நான் முன்னால், அவள் பின்னால். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் காலையும் நெஞ்சையுமே பார்த்துக்கொண்டு வந்தேன். மூச்சு வேகமாக வருகிறதா? இருமினாரே, அது சாதாரண இருமல்தானா? ஒரு கை ஸ்டீரிங்கில் இருக்க, இன்னொரு கையால் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"எப்ப நிறுத்துனீங்க?"

"எத?"

"அண்ணே."

காரை ஓரம் கட்டினார். கண்ணாடியைத் துடைப்பது போலக் கொஞ்ச நேரம் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"முந்தாநாளுதான். திருவிழா முடிஞ்சதும் திரும்ப ஆரம்பிச்சிடுவேன். அவ வேண்டிக்கிட்டா. நான் ஐசியூல கெடந்தப்ப, இவரு பொழைச்சா உன் வாசல்ல அலகு போட்டுக் காவடி எடுப்பாருன்னு. ஒவ்வொரு வருஷமும் யாராச்சும் அலகு போடறதப் பாக்கறப்ப என் கையப் புடிச்சி இறுக்குவா. வாயத் தொறந்து ஒன்னும் கேக்க மாட்டா. நானும் எத்தன வருஷம் பாத்துக்கிட்டு நிக்கிறது?"

"அண்ணி உங்கள அலகு போடச் சொன்னாங்களா?"

"சொன்னாத்தானா?"

"அவங்கதான் எனக்குப் போன் பண்ணாங்க. பயந்துபோய்."

அவர் காரைக் கிளப்பினார். பண்டமாரான் வரை, ஒவ்வொரு முறை அவர் மூச்சை இழுத்து விட்டபோதும் பின்சீட்டில் பொருளாளர் அசைவது எனக்குக் கேட்டது.

அண்ணி தேத்தண்ணீர் போட்டு வைத்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டு நின்றபடியே பேசினார்.

"நான் எப்படிம்மா வேணாம்னு சொல்றது? வாக்குக் குடுத்தது நான். இப்ப வேணாம்னு பின்வாங்கி, அப்புறம் இவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? வேணும்னு சொல்லி, அதனால ஏதாச்சும் ஆச்சுன்னா? எந்தப் பக்கம் போனாலும் நானே கொன்ன மாதிரி ஆயிடும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "அவரு உங்களுக்காகச் சாகப் போறாரு, நீங்க அவருக்காக வாயத் தொறக்க மாட்டீங்க. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கல" என்று கத்தினேன். தேத்தண்ணீர் தட்டில் கொட்டிவிட்டது. தலைவர் துணி எடுத்துத் துடைத்தார்.

பொருளாளர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் தங்கச்சிக்கு நான் ஒரு வேண்டுதலும் வைக்கல அண்ணி. வைக்க நேரமே இல்ல. கால் வலிக்குதுன்னு சொன்னா, தைலம் தேச்சி விட்டோம். அவ்வளவுதான் நடந்துச்சி. உங்க சாமி உங்களுக்கு ஆளைத் திருப்பிக் குடுத்திருக்கு. குடுத்தத நீங்க திரும்பத் தொலைச்சிட மாட்டீங்கன்னு நம்பித்தானே குடுத்துச்சி?" அழுதுவிட்டாள். சங்கம் ஆரம்பித்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அண்ணி உள்ளே போனார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவி விபூதி வைத்திருந்தார்.

"நான் போட்டுக்கறேன். நேர்ந்தது நான், செலுத்தறதும் நானே. பூசாரிய நாளைக்கே கேட்டுடறேன்."

தலைவர் எழுந்துவிட்டார். "நீயா? ரத்தம் எடுக்க ஊசி குத்துனாலே மயங்கி விழறவ நீ!"

"மயங்குனா புடிச்சிக்குங்க. நீங்க நாளைக்கு ஓஸ்பிட்டலுக்குப் போறீங்க. இவங்களோட."

மறுநாள் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் திட்டுவார் என்று நான் ஆசையாகவே எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. காலை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அந்த ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினேன், எத்தனை சுற்று போனது என்று தெரியவில்லை. புதுக்கட்டி எதுவும் இல்லை. மாத்திரை மறுபடி ரத்தத்தில் ஏறும்வரை வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். காரில் ஏறியதும் தலைவர், "அந்த ஊசியக் காட்டினா அவ கீழ விழுந்துடுவா, நானே போட்டுக்கறேன்" என்றார்.

பூசாரி ஒத்துக்கொண்டார், நேர்ந்தவரே செலுத்துவதில் குற்றமில்லை என்று. என் பயம் இப்போது அண்ணியின் பக்கம் திரும்பியது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா, வேறு ஏதும் மாத்திரை சாப்பிடுகிறாரா, தலைவலிக்கு என்ன போடுவார் என்று நான் கேட்ட கேள்விகளில் அவரே அலுத்துப்போனார். "நீங்க சாமியவிட அதிகமா சோதிக்கிறீங்கம்மா" என்றார்.

பங்குனி உத்திரத்தன்று காலை கிள்ளானில் அண்ணி நேர்ந்துகொண்ட கோயில் வளாகத்தில் வெறுங்காலோடு நின்றேன். உறுமிமேளம் காதைப் பிளந்தது. அலகு போடுகிற ஆளிடம் போய், வேல் சுத்தமானதா என்று கேட்டேன். "புது வேலு, கொதிக்க வச்சது, டெட்டால்ல கழுவுனது. போதுமா ஆன்டி?" என்றான். போதாது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பொருளாளர் பால்குடத்தை ஏந்திக்கொண்டு நின்றாள். தலைவர், புது வேட்டி சட்டையில், மனைவி உட்கார்ந்த முக்காலிக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றார், விழுந்தால் பிடிக்க.

அண்ணி மஞ்சள் புடவையில் கண்ணை மூடியிருந்தார். உதடு காய்ந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் "வேல், வேல்" என்று குரல் கொடுத்தார்கள். அந்த ஆள் சின்ன வெள்ளி வேலை விபூதியில் தோய்த்து எடுத்து, "நாக்க நீட்டுங்கம்மா" என்றான்.

அண்ணி கண்ணைத் திறந்து கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். பயந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். மேளம்கூடக் கொஞ்சம் தணிந்தது. வேல் ஏறிவிட்டால் கோயிலைச் சுற்றி வந்து இறக்கும்வரை அவர் பேச முடியாது. அண்ணி தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தார்.

"நேத்து மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன்."

அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். தலைவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, கிழிந்திருந்த காலிக் குழியை விரலால் தொட்டுக் காட்டினார். அண்ணி தலையை ஆட்டிவிட்டு, கண்ணை இறுக மூடி, நாக்கை நீட்டினார்.