அண்ணன் மாற்றிக் கட்டிய கம்பிகள்

எங்கள் அண்ணன் கண் மூடி ஓராண்டு ஆகிறது. அவரை விமானம்தான் கொன்றது என்று இன்னமும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் வாயை அடைக்கவே, எழுதிப் பழக்கமில்லாத நான் இந்த நினைவு மலரில் எழுத உட்கார்ந்தேன். அண்ணனைக் கொண்டுபோனது விஷக்காய்ச்சல். விமானத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அண்ணன் பிறந்தது ஆம்பூரில். தோல் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா காலமானபோது அவருடைய ஒரே தங்கையான நான் கைக்குழந்தை. அம்மா அதே கம்பெனியில் தோல் உலர்த்தும் வேலைக்குப் போய் எங்கள் இருவரையும் ஆளாக்கினார். அண்ணன் பட்டணத்து விமானத் திடலில் சில காலம் ஃபிட்டராக இருந்து, ஓட்டவும் பழகிக்கொண்டு, அம்மாவுக்காக ஊர் திரும்பினார். கம்பெனி டைனமோ அவர் பொறுப்புக்கு வந்தது. ஓய்வு நேரமெல்லாம் எங்கள் வீட்டுப் பின்புறத்துக் காலிக் கொட்டகையில் மரமும் துணியும் கொண்டு சொந்தமாக ஒரு விமானம் கட்டினார். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. அதில் பெரிய பங்கு அவருக்குத்தான்.

அம்மாவுக்கு ஒரே மகன். பறக்க வேண்டாமென்று அம்மா அழுது பார்த்தார், பட்டினி கிடந்து பார்த்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"மழ நாள்ல அந்த இன்ஜின கெளப்பு. நான் ஒல வெச்சி சோறு வடிக்கிற வரைக்கும் நிக்காம ஓடுச்சின்னா ஏறிக்கோ. நடுவுல நின்னுச்சி, அத்தோட உட்டுடணும்."

"சரிம்மா" என்றார் அண்ணன்.

பேட்டரி, சுவிட்சு, விளக்கு, இன்ஜினுக்குப் பொறி கொண்டுபோகும் கம்பிகள், எல்லாம் அவர் கையாலேயே பூட்டியவை. கம்பிகள் உராய்ந்து கெடாமலிருக்க, கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டுகளில் தோல் உறை தைத்து மாட்டினார். ஆம்பூர்க்காரருக்குத் தோலை விட்டால் வேறென்ன தோன்றும்! வெயில் நாளில் இன்ஜின் ஜோராக ஓடியது. ஐப்பசி மழையில் அம்மா உலை வைத்தார். அரிசி பாதி வேகுமுன்பே இன்ஜின் இருமி இருமி நின்றுவிட்டது.

"முதல் கோணல் முற்றும் கோணல்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அண்ணன் காதில் வாங்கவில்லை. ஓர் உறையை அறுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு கரிக்குது. சரியா அலசாத தோலு. ஈரத்த இழுத்து வெச்சிக்கினு கரண்ட்ட கசிய உடுது."

"இன்னாடா, நின்னுச்சில்ல? உட்டுடு" என்றார் அம்மா.

"தப்பு இன்ஜின் மேல இல்லம்மா, என் மேல. இன்னொரு வாட்டி ஒல வை."

"ஒரே ஒரு வாட்டிதான்."

என் கணவர் குடியாத்தத்தில் லுங்கி நெய்பவர். அண்ணன் அவரிடம் வந்து, "மச்சான், தோல நம்பி கெட்டேன். வெரல் அகலத்துல துணிப்பட்டி நெய்ஞ்சி குடுங்க" என்று கேட்டார். தறியில் பட்டி ஏறியது. அண்ணன் எல்லாக் கம்பிகளையும் கழற்றி, புதிதாக இழுத்து, அந்தப் பட்டியைச் சுற்றி, மேலே மெழுகு ஏற்றினார். கொதிமெழுகு பட்டு விரல்கள் கொப்பளித்தன. ஒரு நாள்கூட வேலையை நிறுத்தவில்லை.

கார்த்திகை மழையில் மறுபடி உலை ஏறியது. சோறு வேகத் தாமதமாகட்டும் என்று அம்மா ஈர விறகாகப் பார்த்து வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்! இன்ஜின் அசரவில்லை. "வடிச்சாச்சி, நிறுத்துடா" என்று கத்தியபோது அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. புகை என்றார்.

பங்குனியில் ஏரி வறண்டது. அந்தத் தரையிலிருந்து அண்ணன் கிளம்பி, புளியமரங்களைத் தாண்டி, கம்பெனிக்கு மேலே ஒரு வட்டம் போட்டு இறங்கினார். அம்மா வெறுங்காலோடு ஓடி, அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அடுத்து வந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் வந்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "பேட்டரிக்குத் தண்ணி ஊத்தனீங்களா?" என்று என் கணவரைக் கேட்டார்.

விமானத்தை ஏரிவரை தள்ளி வந்த கம்பெனித் தோழர்களுக்கும், இரவு பகல் பார்க்காமல் கவனித்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும், துக்கத்தில் எங்களுக்குச் சோறு போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் வணக்கம். கடைசி நன்றி அந்த விமானத்துக்கு. காரியம் முடிந்த மறுநாள், ராசியில்லாத மிஷின் என்று சொல்லி அதை உடைக்க உறவில் சிலர் கிளம்பினார்கள். அம்மா கொட்டகைக்குக் குறுக்கே நின்றார்.

"என் புள்ளய மேல கூட்டிக்கினு போயி, பத்திரமா கீழ எறக்கி உட்டுச்சி அது. காய்ச்சல்தான் அவன உடல. கைய எடுங்கடா."