கண்ணாடிக் கடையில் வாயைத் திறந்த டீச்சர்

தலைவலி என்று யார் வந்தாலும் கண்ணாடிக் கடைக்காரன் கண்ணைத்தான் பார்ப்பான்; தலையைப் பிடித்துக்கொண்டு அல்லாடும் அன்பர்களே, எழுபதுகளில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை போட்டிருந்த நானும் அந்த ரகம்தான்.

மூன்றாவது கண்ணாடி

பிலோமினா டீச்சர் சித்தேரி மலையில் ஓராசிரியர் பள்ளியில் இருந்தார். முன்னால் வந்த இரண்டு பேர் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிய இடம் அது. இடது பொட்டில் விண்விண்ணென்று வலி என்று என் கடைக்கு வந்தார். கண் பரிசோதனைக்கு நான் மாட்டியிருந்த போர்டில் கடைசி வரிப் பொடி எழுத்தைக்கூடத் தடுமாறாமல் படித்தார். இவருக்கு எதற்குக் கண்ணாடி என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே! லேசான பவரில் ஒன்று கொடுத்தேன். வலி கேட்கவில்லை என்று திரும்பி வந்தார், மாற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் தடவை வந்தபோது பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. வலியோடு முப்பது பிள்ளைகளின் சத்தத்தைத் தாங்க முடியவில்லையாம்.

"இதுக்கும் கேக்கலைன்னா திங்கக்கிழமை லெட்டரைக் குடுத்துடுவேனுங்க. நான் போயிட்டா அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுதான்."

காதோரம்

புதுக் கண்ணாடியை மாட்டி, காதுக் கம்பியை வளைத்துச் சரிசெய்தேன். என் விரல் தாடையில் பட்டதுதான் தாமதம், "ஐயோ, இயேசுவே!" என்று துள்ளினார். நானும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அப்புறம்தான் பார்க்கிறேன், இடது கன்னம் லேசாக உப்பியிருக்கிறது. கேட்டால், அந்தப் பக்கம் மென்று தின்றே ஆறு மாசமாச்சாம்!

"வாயைத் திறங்க டீச்சர்" என்றேன். முறைத்தார்.

"ஏனுங்க, கண்ணுக்குத்தானே கடை வெச்சிருக்கீங்க, வாயை எதுக்குத் தொறக்கணும்?"

சேலம் பஸ்

ஒருவழியாகத் திறந்தார். கடைவாய்ப் பல் கறுத்துக் குழி விழுந்திருந்தது. கடையைச் சாத்திவிட்டு, என் சம்சாரத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, மூன்று பேருமாய்ச் சேலம் பஸ் ஏறினோம். வேரில் சீழ் கட்டியிருக்கிறது, அந்த வலிதான் பொட்டுக்கு ஏறுகிறது என்றார் பல் டாக்டர். பிடுங்கி எறிந்தார். அந்த மனுஷர் நன்றாக இருக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் கடைப்படி ஏறினார். வீணாக மூன்று கண்ணாடியைத் தலையில் கட்டியவனாயிற்றே, நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று எழுந்து நின்றேன். அவரோ ஒரு பாட்டில் மலைத்தேனை மேஜையில் வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தலைவலி போயே போச்சுங்க. புதுசா நாலு பிள்ளைங்களைச் சேத்திருக்கேன். அதுல ஒரு பொண்ணுக்குப் போர்டு தெரியலைங்க, அவளுக்கு மட்டும் நெசமாலுமே ஒரு கண்ணாடி குடுங்க."

அதற்குப் பிறகு தலைவலி என்று வந்த அத்தனை பேரையும் முதலில் வாயைத் திறக்கச் சொல்லி, சேலத்துப் பல் டாக்டருக்கு ஆள் பிடிக்கிறவன் என்று ஊர் முழுக்கப் பேர் வாங்கினேன், சந்தோஷமாகவே.