இரண்டு சம்பந்தியம்மாக்களும் நடுவில் நானும்

தொலைபேசி மொழிபெயர்ப்புத் தொழிலில் காலை முதல் மாலை வரை வாய் ஓயாது; ஆனால் நம்மிடம் பேச ஓர் ஆளும் இருக்காது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சங்கிலி

அம்பாங்கில் ஒரு வீடு. மருமகள் லாவோஸ்காரி, மகன் எரித்திரியாக்காரன். குழந்தை பிறந்ததும் இரண்டு பக்கத்து அம்மாக்களும் வந்து இறங்கினார்கள். மகன் வேலைக்குப் போய்விடுவான், பிள்ளை பெற்றவள் அசந்து தூங்குவாள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத சம்பந்திகள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

லாவோஸ் மொழியான லாவோவும் எரித்திரிய மொழியான திக்ரின்யாவும் சேர்ந்து தெரிந்தவர் எங்கள் கம்பெனிக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஒரே லைனில் மூன்று பேர்: கிள்ளானிலிருந்து மாலி என்ற பெண், லாவோவை மலாயில் சொல்வாள். பிரிக்பீல்ட்ஸில் என் அறையிலிருந்து நான் ஆங்கிலமாக்குவேன். யோனாஸ் என்ற பையன் அதைத் திக்ரின்யாவில் முடிப்பான். "உப்பு எங்கே?" என்பது மூன்று பேரைத் தாண்டிப் போவதற்குள் சோறு ஆறிவிடும். "அக்கா, பேசாம நானே போய் உப்ப எடுத்துக் குடுத்துட்டு வந்திரலாம் லா" என்றாள் மாலி.

பத்தியம்

லாவோ அம்மாவின் கணக்கில், பிள்ளை பெற்றவள் வெந்நீர் குடித்து, சுட்ட இஞ்சி தின்று, அனலில் கிடக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் கரி மூட்ட முடியாது என்பதால் மகள் வயிற்றில் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக் கட்டியிருந்தார். எரித்திரிய அம்மாவோ களி கிண்டி, நடுவே குழி செய்து, மிளகாய்ப் பொடி கலந்த உருக்கிய வெண்ணெயை ஊற்றிக்கொண்டு வந்து நின்றார். சண்டை என் வாய் வழியாகத்தான் நடந்தது. கடைசியில் லாவோ அம்மா சொன்னது: "வெளியில நான் சூடு வைக்கிறேன், உள்ள நீங்களும் கொளுத்தாதீங்க!"

என் பேரன்

எங்கள் தொழிலில் கேட்டதை 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கக்கூடாது. சொந்தமாக ஒரு வார்த்தையும் சேர்க்கக்கூடாது. ஒருநாள் வாழையிலைக் கடையில் சாப்பிடும்போது அழைப்பு வந்தது. "என் பேரன் என்னைப் பார்த்துச் சிரித்தான்" என்று லாவோ அம்மா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். கல்யாணமே செய்துகொள்ளாதவள் நான். கடைக்காரர் லட்டோடு ஓடிவந்தார். மறுக்க மனம் வரவில்லை, வாங்கிக்கொண்டேன். "பேரன் பொறந்தத சொல்லவே இல்லயே அக்கா, யாரு ஜாடை?" என்றார்.

நடுவில் இருப்பவர்

நாளாக ஆக அழைப்புகள் குறைந்தன. சம்பந்திகள் கையைக் காட்டியே பேசப் பழகிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். எனக்குத்தான் நஷ்டம். அந்த அழைப்பு நின்றால் பகலில் என் அறையில் 'அக்கா' என்று என்னைக் கூப்பிடும் குரலே கேட்காது.

கடைசி அழைப்பும் வந்தது. இனி மொழிபெயர்ப்பு லைன் வேண்டாமாம். இருவரும் நன்றி சொன்னார்கள். பிறகு லாவோ அம்மா ஏதோ கேட்க, மாலி மலாயில் "சாப்பிட்டாச்சா?" என்றாள். பழக்கதோஷத்தில் நான் அதை ஆங்கிலத்தில் யோனாஸிடம் தள்ளினேன். "இதென்ன கேள்வி, சேர்ந்துதானே சாப்பிட்டோம்" என்று எரித்திரிய அம்மாவின் பதில் திரும்பி வந்தது. லாவோ அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மாலி சொன்னாள்: "அவங்கள இல்ல அக்கா, நடுவுல இருக்கிறவங்கள, உங்களத்தான் கேக்கிறாங்க."

ஊரார் பேச்சையெல்லாம் என் பேச்சாகப் பேசிப் பிழைக்கும் எனக்கு, "இன்னும் இல்லம்மா" என்ற என் சொந்தப் பேச்சைக் கொண்டுசேர்க்க அன்று ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார், அவ்வளவுதான்.