கையெழுத்துப் போடாத கோல்கீப்பர்

என் கணவருக்கு எழுத்து ஏறவே இல்லை. ஊரில் ஐந்தாவது வரை படித்துவிட்டு மலாயாவுக்குக் கப்பலேறியவள் நான். கல்யாணமான புதிதில் ஒரு சிலேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அவர் பெயரையாவது எழுத வைத்துவிட வேண்டும் என்று மல்லுக்கட்டினேன். "பந்து புடிக்கிற கைக்கு பலப்பம் எதுக்கு புள்ள?" என்று சிரித்துவிட்டு மைதானத்துக்கு ஓடிவிடுவார். சம்பள நாளில் பெருவிரலை மையில் தோய்த்து உருட்டிவிட்டு வருவார். அந்த மையோடுதான் அன்றைக்குச் சோறும் சாப்பிடுவார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் யார்டில் பெட்டிகளைக் கோத்துவிடுகிற வேலை அவருக்கு. சாயங்காலமானால் ரயில்வே ஆட்களின் கால்பந்துக் குழுவில் கோல்கீப்பர். ஒரு வருடம் இவர்கள் வெள்ளைக்காரர்களின் கிளப் குழுவையே தோற்கடித்துக் கோப்பையை வாங்கிவிட்டார்கள். கடைசிப் பந்தைப் பாய்ந்து பிடித்தவர் இவர்தான். கோலாலம்பூர் முழுக்க அதே பேச்சு. படக்கடைக்காரர் ஒருவர் வந்து பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். "சம்பளம் வரட்டும், ஒண்ணு வாங்கிச் சுவத்துல மாட்டுவோம்" என்றார் இவர்.

சம்பளம் வருவதற்குள் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் வலது கை சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். சம்மதத் தாளில் அவருடைய இடது பெருவிரலைப் பிடித்து அழுத்தியவள் நான். வயிற்றில் பிள்ளை. கையும் போய், நாலைந்து நாளில் ஆளும் போய்ச் சேர்ந்தார். பேறுகாலம் முடிந்து படக்கடையைத் தேடிப் போனால் அது பூட்டிக் கிடந்தது.

அப்படித்தான் என் மகள் அப்பன் முகம் தெரியாமல் வளர்ந்தாள். நான் விடிய எழுந்து இடியப்பம் பிழிவேன்; அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, "அப்பா எப்படிம்மா இருப்பாரு?" என்பாள். கறுப்பா இருப்பாரு, ஒல்லியா இருப்பாரு என்பேன். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். ஒரு முகத்தை வாயால் எப்படிச் சொல்வது? எனக்கே அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு ஏழு வயதான சமயம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கிள்ளான் துறைமுகத்துக்கு அனுப்பி ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்து வீட்டுக் கிராணி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், ஆங்கிலப் பத்திரிகை படிக்கிறவர். ஒருநாள் வாசலிலிருந்தே கத்தினார். "தங்கச்சி! ஒம் புருஷன் குழு படம் லேலாங்குக்கு வருதாம். பதினொரு பேரும் அவங்கவங்க கையால கையெழுத்துப் போட்ட படமாம்!"

"கையெழுத்தா? அவரா?" என்றேன்.

லேலாங் கடை, அதாவது ஏலக்கடை, பத்து ரோடு என்கிற தெருவில் இருந்தது. வேலை போய் ஊர் திரும்பும் துரைமார் விட்டுச் சென்ற நாற்காலி, பியானோ என்று எல்லாம் அங்கே விற்பார்கள். ஏலம் போடும் துரைக்குத் துபாஷியாகக் கோட்டுப் போட்ட தமிழர் ஒருவர் இருந்தார். நான் அந்தக் கோல்கீப்பர் சம்சாரம் என்று சொன்னதும் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பேசினில் புத்தம் புதுப் பந்துகள் தேத்தண்ணியில் ஊறிக் கிடந்தன. பழசாகத் தெரியவேண்டுமாம். மேசை முன்னால் ஒருவன் கிரிக்கெட் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவை மாற்றி மாற்றி வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு வெட்கப்படக்கூட இல்லை, படுபாவி.

கோட்டுக்காரர் படத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஐயோ, அவர்தான். முன்வரிசையில் ஓரமாக, தரையில் சம்மணம் போட்டு, மடியில் பந்தோடு. மழுமழுவென்று சவரம் செய்த முகம். நான் மறந்துவிட்டேன் என்று பயந்த முகம் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே சுழித்துச் சுழித்து ஒரு கையெழுத்து.

"அண்ணே, இது பொய். அவருக்கு எழுதவே தெரியாது."

"மெதுவாப் பேசும்மா. அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அதான் சொல்றேன். சம்சாரமே வந்து நின்னு, ஆமா அவரு கையெழுத்துதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, எந்தத் துரையும் மறுபேச்சு பேசமாட்டான். அந்தப் படக்கடை சாமானோட வந்த கண்ணாடித் தகடு, படம் எடுத்த தகடு, எங்கிட்டதான் இருக்கு. ஏலம் முடியட்டும், கையெழுத்தே இல்லாம ஒரு படம் போட்டு ஒங்கையில குடுத்துடறேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஏமாறப்போகிறவன் பணம் கொழுத்தவன். ஒரு பொய்தானே, சொல்லித் தொலைத்தால் என்ன? என் பிள்ளை அப்பன் முகத்தைப் பார்ப்பாள். கிராணியும், "வாயை அடக்கிக்கிட்டு ஆமான்னுட்டு வா லா" என்றார். சரியென்று முடிவு செய்துவிட்டேன்.

ஏலத்தன்று மகளுக்கு எண்ணெய் வைத்துச் சீவி, நல்ல பாவாடை கட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். "அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறமா?" என்று குதித்துக்கொண்டே வந்தாள். கூட்டத்தில் நசுங்கிவிடுவாளே என்று கதவோரம் ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு நான் முன்னால் போனேன். துரைகளும் சீன முதலாளிகளுமாக மண்டபம் நிறைந்திருந்தது.

படத்தை மேசை மேல் நிமிர்த்தி வைத்தார்கள். ஏலம் போடும் துரை ஏதோ நீளமாகப் பேசினார். கோட்டுக்காரர் அதை மலாயிலும் தமிழிலும் சொன்னார். "இந்தக் கோல்கீப்பர் ஆஸ்பத்திரியில உசுரு போற நேரத்துல, பேனா கேட்டு வாங்கி, பந்தப் புடிச்ச அதே வலது கையால கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. இதோ நிக்கிறாங்களே, இவங்க அவரு சம்சாரம். நீயே சொல்லும்மா."

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

"எந்தக் கைய்யா?" என்றுதான் வந்தது. "எந்தக் கை? அந்தக் கைய வாளியில போட்டுத் தூக்கிட்டுப் போனத நான் பார்த்தேன்யா! அவருக்கு அனா ஆவன்னாகூடத் தெரியாது. செத்தவன் கைய வெச்சுப் பொழைக்கிறீங்களே, நீங்கல்லாம் வெளங்குவீங்களா?"

தமிழ் தெரிந்த ஒரு தோட்டத்துத் துரை எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். படத்தைக் குப்புறக் கவிழ்த்துச் சாக்கில் சுற்றிவிட்டார்கள். என் புஜத்தைப் பிடித்துத் தெருவில் கொண்டுவந்து விட்டார்கள். மகள் அழுதுகொண்டே பின்னால் ஓடிவந்தாள்.

மறுநாள் மானத்தை விட்டுப் போய்க் கெஞ்சினேன். "தகட்ட நேத்தே ஒடச்சாச்சு, படத்தயும் கொளுத்தியாச்சு. போலீசு வந்தா யாரு பதில் சொல்றது?" என்றார் கோட்டுக்காரர். "ஒரு வார்த்தைதானேம்மா கேட்டேன்." அஞ்சடியில், கடை வாசல் நடைபாதையிலேயே, உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கம் உட்கார்ந்தேன். மகள் வந்து மடியில் சாய்ந்தாள்.

"அழாதம்மா. நான்தான் அப்பாவப் பாத்துட்டேனே."

"எப்ப கண்ணு பாத்த?"

"அந்த நாக்காலி மேல ஏறி நின்னு பாத்தேன். நடுவுல கோப்பைய வெச்சுக்கிட்டு, இவ்ளோ பெரிய மீசையோட நின்னாரே, அவருதானே அப்பா?"

"கீழ உக்காந்திருந்தவங்களப் பாக்கலியா?"

"முன்னால தலைங்க மறைச்சிருச்சு." அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மீசைக்காரரு என்னப் பாத்துச் சிரிச்சாரும்மா. அவருதானே?"

"ஆமா கண்ணு," என்றேன். "அவருதான்."

இப்போது அவளுக்கே கல்யாண வயதில் மகன் இருக்கிறான். போன மாதம் அவன் மீசை வளர்த்துக்கொண்டு வந்து நின்றான். "பாரும்மா, அப்படியே எங்கப்பா!" என்று அவன் கன்னத்தைத் தடவிக் கண் கலங்கினாள். நானும் ஆமாம் என்றேன்.